மிளகுத்தண்ணி 750 ரூபா

நல்லூர்ப் பக்கம் பழைய நாற்சார் வீடொன்றைத் திருத்தி, நடுமுற்றத்தில் சின்னச் சின்ன மின்குமிழ்களைத் தொங்கவிட்டு, சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்கள். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. நல்லது சொன்னால் காசு வாங்கிக்கொண்டு எழுதினான் என்பார்கள், குறை சொன்னால் வீட்டு வாசலுக்கு வருவார்கள். முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் ஒப்புநோக்குநராக இருந்தவன் நான், இரண்டையும் கண்டவன்.

பெறாமகளுக்கு வங்கியில் வேலை கிடைத்து முதல் சம்பளம். "பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ பெரியப்பா, செலவு என்ரை" என்றாள். போன சனிக்கிழமை ஆறரைக்குப் போனோம். வாசலில் மோட்டார் சைக்கிள் விட இடம் தாராளம். கார் விட இடமில்லை, வீதியோரம்தான்.

"தம்பி, யன்னலோரமாய் இடம் இருக்கோ?" என்று மனைவி கேட்டா. "விண்டோ சைட் டேபிள் ஃப்ரீயா இருக்கு அன்ரி" என்று பதில் வந்தது. யன்னல் என்று கேட்டது போர்த்துக்கேயச் சொல். இருந்த கதிரையும் முன்னால் இருந்த மேசையும் அதே ஆட்களுடையவை. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறியவர்கள், கதிரையை எடுத்துப்போக மறந்துவிட்டார்கள். கதிரை நல்ல கதிரை, பழைய தேக்கு, பின்னல் புதிது. முதுகு நோகாமல் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். இதற்கு முதல் மதிப்பெண்.

பிறகு மெனு வந்தது. தோல் அட்டை, நாலு பக்கம், முழுக்க ஆங்கில எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியும், மனைவிக்கும் தெரியும். ஆனால் பக்கத்து மேசையில் ஒரு வயதான அம்மா அட்டையை மகனிடம் நீட்டி, "நீயே சொல்லு, எனக்கு ஏதாவது சோறு" என்று விட்டுவிட்டா. அதைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"தம்பி, தமிழ் அட்டை இல்லையோ?"

"இல்லை ஐயா. இதெல்லாம் இங்கிலிஷ் சாப்பாட்டுப் பேர். தமிழில எழுத ஏலாது."

பிள்ளையில் பிழையில்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். ஆனால் எனக்குச் சட்டைப் பையில் பென்சில் இருக்கிறது, அது ஓய்வு பெறவில்லை. பெறாமகளிடம் பந்தயம் கட்டினேன். இந்த நாலு பக்கத்தில் அசல் இங்கிலிஷ் சொல் பத்துக்கு மேல் இருந்தால் ஐஸ்கிரீம் என்னுடைய காசு. அவள் போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டாள். மனைவி மத்தியஸ்தர்.

மெனு என்ற சொல்லே பிரெஞ்சு. சின்னச் சின்ன விவரமாகப் பிரித்து எழுதியது என்று பொருள். ரெஸ்ரோறண்ட்டும் அப்படித்தான். களைத்தவனைத் தேற்றுகிற கஞ்சிபோன்ற ரசத்துக்குத்தான் முதலில் பாரிஸில் அந்தப் பெயர் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அதை விற்ற கடைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அட்டையைத் திறக்கு முன்னமே இரண்டு விக்கெட்.

முதல் பக்கத்தில் முதல் வரி: மல்லிகட்டோனி சூப், 750 ரூபா. மனைவி என்னைப் பார்த்தா. நான் மனைவியைப் பார்த்தேன். மிளகுத்தண்ணி! மதராஸில் இருந்த வெள்ளைக்காரருக்கு அது எவ்வளவு பிடித்துப்போனதென்றால், மற்ற மாகாணத்து வெள்ளைக்காரர் அவர்களை 'மல்' என்றே பட்டம் சொல்லிக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டின் தொடக்கத்தில் சூப் வேண்டும் என்பது அவர்கள் பழக்கம். எங்களுடைய மிளகுத்தண்ணி சோற்றோடு போகிற சாமான், மெல்லிசு. அதனால் பருப்பைப் போட்டார்கள், இறைச்சியைப் போட்டார்கள், தடிப்பாக்கினார்கள்.

ஓடர் பண்ணினோம். வெள்ளைப் பீங்கானில் மஞ்சளாக வந்தது. மேலே தேங்காய்ப்பால் ஒரு சுழி, கரையில் தேசிக்காய்த் துண்டு, நடுவில் ஒரு கரண்டி சோறு. பருப்பு நன்றாக மசிந்திருந்தது, கோழி எலும்பின் சாரம் இறங்கியிருந்தது. மிளகைத் தேடினேன். இரண்டாவது கரண்டியில் தொண்டையில் ஏதோ தட்டியது. அது இஞ்சி. மிளகு என்று பெயரில் மட்டும்தான் இருக்கிறது. மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்ல சாம்பார்" என்று மெல்லமாகச் சொன்னா. சாம்பாராக எடுத்துக்கொண்டால் நல்லதுதான். தடிமனோடு போகிறவர்கள் இதை நம்பிப் போகவேண்டாம். வீட்டில் மிளகும் உள்ளியும் தட்டிப்போட்டுக் குடியுங்கள்.

அடுத்த வரி எக் ஹொப்பர்ஸ். இதில் பெறாமகள் துள்ளினாள். "பெரியப்பா, எக் இங்கிலிஷ்தானே! இதுகூட இல்லையெண்டால்?" ஹொப்பர் எங்கட அப்பம் என்பது அவளுக்கும் தெரியும். அப்பத்துக்கு அகரம் போய் ஹகரம் வந்ததெல்லாம் வெள்ளைக்காரர் வாயில் நடந்த அச்சுப்பிழை. ஆனால் எக்கும் வெளியூர்க்காரன்தான். இங்கிலாந்தின் வடக்கில் குடியேறிய வைக்கிங் ஆட்களின் பழைய நோர்ஸ் மொழிச் சொல் அது. இங்கிலிஷ்காரரின் சொந்த முட்டைக்குப் பெயர் 'எய்', பன்மையில் 'எய்ரன்'.

இதில் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரர் வில்லியம் கக்ஸ்டன் 1490 இல் எழுதிவைத்தது. எங்கள் தொழிலுக்குப் பாட்டன் முறையான மனுசர். தேம்ஸ் ஆற்றில் ஒரு கப்பல் காற்றில்லாமல் நிற்கிறது. ஒல்லாந்தின் சீலாந்துக்குப் போகவேண்டிய வியாபாரிகள் பசியில் கரையிறங்கி, கென்ற் பக்கத்தில் ஒரு வீட்டில் சாப்பாடு கேட்கிறார்கள். ஒருவர் எக்ஸ் வேண்டும் என்கிறார். வீட்டுக்காரி, "எனக்குப் பிரெஞ்சு தெரியாது" என்கிறாள். கேட்டவருக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! பிறகு இன்னொருவர் எய்ரன் என்று கேட்டதும்தான் அவளுக்கு விளங்குகிறது. ஒரே நாடு, ஒரே பாஷை, ஒரு முட்டை வாங்க ஏலவில்லை. முட்டைக்கு எந்தச் சொல்லை அச்சில் போடுவது என்று கக்ஸ்டன் தலையில் கைவைத்திருக்கிறார்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. 1998 இல் சென்னையில் கொஞ்சக்காலம் இருந்தோம். வடபழனியில் மரக்கறிக் கடையில் மனைவி, "ஒரு கோவா தாங்கோ" என்று கேட்டா. கடைக்காரர், "அது ஸ்வீட் கடையில கிடைக்கும்மா" என்று கையைக் காட்டினார். மனைவி, "இல்லை, வறை வறுக்க" என்றா. பால்கோவாவை வறுக்கிற சனத்தை அந்த மனுசர் அன்றுதான் கண்டிருப்பார். கடைசியில் கையால் தொட்டுக் காட்டித்தான் வாங்கினது. "முட்டைக்கோஸா, அதச் சொல்லக்கூடாதா" என்றார். கோவா, போர்த்துக்கேயரின் 'கோவ்'. எங்களுக்கு அது பச்சைத் தமிழ், அவருக்கு அது இனிப்பு. கக்ஸ்டன் இருந்திருந்தால் அதையும் எழுதியிருப்பார்.

அப்பம் எப்படி என்றால், கரை மொறுமொறுப்பு, நடு மெத்து, முட்டை மஞ்சள் உடையாமல் வந்தது. கூட வந்த சம்பல் அம்மியில் அரைத்ததல்ல, இயந்திரத்தில் அடித்தது. நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். சம்பலும் மலாய்க்காரரின் சொல்தான், அதை நாங்களே வாங்கி நாங்களே மறந்துவிட்டோம்.

கட்லட் பற்றிச் சொல்லவேண்டும். பெறாமகள் அதை 'கட்' என்று பிரித்து, வெட்டியது என்று புள்ளி போடப் பார்த்தாள். அது பிரெஞ்சில் சின்ன விலா எலும்பு. எலும்போடு ஒட்டிய இறைச்சித் துண்டுக்குத்தான் பெயர். எங்கள் கட்லட்டில் எலும்பும் இல்லை, துண்டும் இல்லை. மீனும் உருளைக்கிழங்கும் பிசைந்து உருட்டி, தூளில் புரட்டிப் பொரித்தது. பெயரைக் கொண்டுவந்தவன் பார்த்தால் அடையாளம் காணமாட்டான். இந்தக் கடைக் கட்லட்டில் மீன் இருக்கிறது, அதுவே பெரிய காரியம். பல இடங்களில் கிழங்கு மட்டும்தான்.

அதோடு வைத்த ரொமாற்றோ கெச்சப்பைச் சீனக் கப்பல் ஒன்று கொண்டுவந்து இறக்கியது என்று சொன்னால் பெறாமகள் நம்பவில்லை, போனைத் தட்டிப் பார்த்தாள். தென்சீனத்து ஹொக்கியன் பேச்சில் 'கே-சியாப்' என்பது ஊறவைத்த மீனின் உப்புத்தண்ணி. 17ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தில் ஆங்கில வணிகர் வாயில் அது ஏறியது. ஊருக்குப் போய்க் காளானில் செய்தார்கள், வால்நட்டில் செய்தார்கள், சிப்பியில்கூடச் செய்தார்கள். தக்காளியில் செய்கிற முறையை அமெரிக்காவில் ஜேம்ஸ் மீஸ் என்ற வைத்தியர் 1812 இல் அச்சில் போட்டார். ரொமாற்றோ மெக்சிக்கோவின் நஹுவாட்டில் மொழி. ஆக அந்தச் சின்னப் போத்தலில் மெக்சிக்கோ பாதி, சீனா பாதி, இங்கிலாந்து மூடியில்கூட இல்லை.

பெரிய சாப்பாட்டுக்கு மனைவி நாசி கொரெங் கேட்டா. கேட்க முதல், "நாசியெண்டால் மூக்கெல்லோ, அதை ஏன் பொரிக்கினம்?" என்று ஒரு கேள்வி. மலாயில் நாசி சோறு, கொரெங் பொரித்தது. வந்துசேர நாற்பத்தைந்து நிமிடம். மேலே பொரித்த முட்டை, பக்கத்தில் வெள்ளரித் துண்டு. சோறு ஆறியிருந்தது. இரண்டாம் முறை கேட்டபோதுதான் சமையலறையில் பற்றுச்சீட்டுத் தவறிப்போனது தெரிந்தது. மன்னிப்புக் கேட்டார்கள், ஆனால் சூடாக்கித் தரட்டுமா என்று கேட்கவில்லை. 1,650 ரூபாய்க்கு ஆறின சோறு வீட்டிலேயே இருக்கிறது.

நான் எடுத்தது நண்டுக் கறி. இதற்காக மட்டும் திரும்பப் போவேன். குருநகர் நண்டு என்று தம்பி சொன்னான். ஓட்டைப் பிளந்தபோது சதை கயிறு கயிறாக வந்தது, அன்றைய நண்டுதான். யாழ்ப்பாணத்துத் தூள், அளவான புளி, கடைசி நேரத்தில் போட்ட முருங்கையிலை. இலை குழம்பில் கறுக்காமல் பச்சையாகவே கிடந்தது, அடுப்பை எப்போது நிற்பாட்டுவது என்று தெரிந்த கை உள்ளே இருக்கிறது. அந்தக் கை மல்லிகட்டோனியைக் கிண்டிய கையாக இருக்காது. அட்டையில் இதற்குப் பெயர் கிறாப் கறி. கிறாப் இங்கிலிஷின் சொந்தச் சொத்து, புள்ளி பெறாமகளுக்கு. கறி யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. 1747 இல் ஹன்னா கிளாஸ் என்ற அம்மா இலண்டனில் அச்சிட்ட சமையல் புத்தகத்திலேயே கறி வைக்கும் முறை இருக்கிறது. நாங்கள் கறி என்றால் மரக்கறியா, மச்சக்கறியா, பால்கறியா, பிரட்டலா என்று கேட்போம். அவர்கள் எல்லாவற்றையும் ஒரே சட்டிக்குள் போட்டுப் பெயரை மூடிவிட்டார்கள். இப்போது எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதில் எனக்கு எரிச்சல் உண்டு.

நண்டுக்குப் பாண் எடுத்தேன். அட்டையில் அதற்கு பிறெட் என்று அசல் இங்கிலிஷ் சொல். என் வாயில் போர்த்துக்கேயப் பாண். அந்த ஒரு வரியில் நான்தான் அந்நியன்.

குடிக்கிற பக்கம் ஏமாற்றம். பெறாமகள் கற்றமறான் கூலர் என்று நீலமாய் ஒன்று எடுத்தாள். கட்டுமரத்தையே குடித்தாள் என்று சொல்லவேண்டும். கட்டின மரத்தைச் சோழமண்டலக் கரையில் கண்ட வில்லியம் டம்பியர் என்ற கடலோடி, 1697 இல் அச்சான தன் பயணநூலில் அந்தச் சொல்லை எழுதினார். இன்று ஆங்கிலத்தில் அது இரட்டை உடல் வைத்த பணக்காரப் படகு. இந்தக் குவளையில் அது நீலச் சாயமும் சோடாவும்.

மாங்காய் போர்த்துக்கேயர் வாயில் 'மங்கா' ஆகி, இங்கிலிஷில் மாங்கோ ஆனது. அதன் சாறு பெட்டிச் சாறு. கறுத்தக்கொழும்பான் விளைகிற ஊரில் பெட்டியில் அடைத்த மாங்கோவை 600 ரூபாய்க்கு விற்பதற்கு ஒரு துணிவு வேண்டும். ஒரேஞ்ச் சாறு மட்டும் பிழிந்தது. அந்த ஒரேஞ்சின் வேர் நாரத்தைப் பக்கம்தான் போகிறது. எங்கள் கரையில் புறப்பட்டு, சமஸ்கிருதத்தில் நாரங்கமாகி, பாரசீகம், அரபு, ஸ்பானியம் என்று ஏறியிறங்கி, பிரெஞ்சுக்குப் போகும்போது முன்னால் இருந்த 'ந' என்ற எழுத்து கழன்று விழுந்துவிட்டது. நாங்களோ அதைத் தோடம்பழம் என்கிறோம். ஒரேஞ்ச் என்று கேட்டால் நாகரிகம், தோடம்பழம் என்று கேட்டால் தம்பிக்கு விளங்கவில்லை. நான் கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் ஒப்புநோக்குநரின் இதயம் நின்றது. இனிப்புகளின் தலைப்பு 'பாலைவனம்' என்று அச்சாகியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எஸ் குறைந்தால் நடக்கிற காரியம் அது. டெசேட் என்பதும் பிரெஞ்சுதான், மேசையைத் துப்புரவாக்கின பிறகு வருவது. பாலைவனத்தில் குக்கீஸ் இருந்தது. அது ஒல்லாந்தரின் 'கூக்யே', சின்னக் கேக். சிங்களச் சகோதரர்கள் புத்தாண்டுக்குப் பொரிக்கிற கொக்கிஸும் அதே வீட்டுப் பிள்ளை. ஒன்று அமெரிக்கா போய்ச் சொக்லேட் பூசிக்கொண்டு வந்திருக்கிறது, மற்றது இங்கேயே தேங்காய்ப்பாலில் கரைந்து எண்ணெயில் பொரிகிறது. கேட்டால் ஒன்றையொன்று தெரியாது என்கும்.

தேத்தண்ணி நன்றாக இருந்தது. அதைப் பாராட்டுகிறேன், சாயம் கசக்காமல் இறங்கியிருந்தது. அந்தத் 'தே'யும் இங்கிலிஷின் ரீயும் கெச்சப் வந்த அதே ஹொக்கியன் கரையின் சொல். தரைவழியாகப் போனது சாய், கடல்வழியாக ஒல்லாந்தர் கப்பலில் போனது தே. கோப்பையின் பக்கத்தில் சுகர் என்று எழுதின காகிதப் பை. அது எங்கள் பக்கத்துச் சர்க்கரை, அரபு நாடு சுற்றி இங்கிலாந்து போனது. நாங்களோ அதைச் சீனி என்கிறோம், சீனாவின் பெயரால். அவன் எங்கள் சொல்லைப் போட்டுக் கலக்குகிறான், நாங்கள் சீனன் பெயரைச் சொல்லிக் கலக்குகிறோம்.

பந்தயம் என்ன ஆயிற்று? தோற்றேன். சாப்பாட்டுப் பெயர்களில் நான்தான் முன்னுக்கு. மற்றன் பிரெஞ்சு, சூப் பிரெஞ்சு, நூடில்ஸ் ஜேர்மன், யோகட் துருக்கி, சில்லி மெக்சிக்கோ, ஸ்ரேக்கும் கேக்கும் எக்கைப்போல நோர்ஸ். றைஸ் எங்கள் அரிசி என்று அடித்துவிட்டிருப்பேன், ஆனால் அதற்கு மொழியறிஞர் எல்லாரும் தலையாட்டுவதில்லை என்பதால் விட்டுவிட்டேன். பெறாமகளுக்கு மீன், கோழி, நண்டு, பால், தண்ணீர், தேன், பாண் என்று ஏழு கிடைத்தது. அதோடு நிற்கும் என்று நினைத்தேன். அவள் விரலை வைத்து வரிவரியாக, 'ஹொட்', 'ஸ்வீற்', 'அண்ட்', 'வித்', 'ஓர்', 'அவர்' என்று பொறுக்கத் தொடங்கினாள். சுடச்சுட, இனிப்பான, அதோடு, உடன், அல்லது, எங்களுடைய. எல்லாம் அசல். இணைப்புச் சொல் கணக்கில் வராது என்று வாதாடினேன். "அது இல்லாமல் உங்கட வசனம் நிக்குமோ?" என்று மத்தியஸ்தர் கேட்டா. பதின்மூன்று. ஐஸ்கிரீமுக்கு 1,350 ரூபா, மூன்று பேருக்கு. அதிலும் ஐஸ் அவர்களுடையது, கிரீம் பிரெஞ்சு.

தோற்றாலும் என் வழக்கு நிற்கிறது. மலாய்ச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் சீனச் சொல்லையும் இங்கிலிஷ்காரன் தன்ரை எழுத்தில் எழுதி, தன்ரை சனம் வாசிக்க வைத்தான். 'மிளகுத்தண்ணி'யில் ளகரம் வராது, ணகரம் வராது என்று அவன் பேசாமல் விட்டிருந்தால் 750 ரூபாய்க்கு இன்று சூப் ஏது? நாசி கொரெங்கை நான் மேலே தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்களும் வாசித்துவிட்டீர்கள். கடைக்கு மட்டும் ஏன் ஏலாது? பக்கத்து மேசை அம்மாவுக்கு மகன் கடைசியில் எடுத்துக்கொடுத்தது வெஜிரபிள் ஃப்றைட் றைஸ். அந்த அட்டையில் இடியப்பமும் சொதியும் ஸ்ரிங் ஹொப்பர் என்ற பெயரில் ஒளிந்துகொண்டிருந்ததை அவ அறியவே இல்லை.

மற்றவை சுருக்கமாக. கழிவறை துப்புரவு. மின்விசிறி போதும், முற்றத்துப் பக்கம் நுளம்பு உண்டு, நீளக் காற்சட்டை போட்டுப் போங்கள். பரிமாறுகிற பிள்ளைகள் மரியாதை. சேவைக் கட்டணம் பத்து வீதம் பில்லில் சேர்க்கிறார்கள், அட்டையில் அதைச் சொல்லவில்லை. போகிறவர்கள் நண்டுக் கறி, பாண், அப்பம், தேத்தண்ணி என்று நாலோடு நின்றால் மனம் நோகாமல் திரும்பலாம்.

பில் வந்தபோது அதன் அடியில் ஒரு வரி தமிழ் இருந்தது, கடை முழுக்க நான் கண்ட ஒரே தமிழ். 'நன்றி, மீண்டும் வறுக.'

பென்சிலை எடுத்தேன். றகரத்தைச் சுழித்து, ஓரத்தில் ரு என்று எழுதி, முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் கீழே கையெழுத்தும் வைத்துவிட்டேன். தம்பி குனிந்து வாசித்தான். "என்னையா பிழை?" என்று கேட்டுவிட்டு, இரண்டாந்தரம் வாசித்து, சமையலறைப் பக்கம் திரும்பி, "அண்ணை, இஞ்ச வந்து பாருங்கோ, எங்களைத் திரும்பவும் வறுக்கட்டாம்" என்று கத்தினான்.